ஏழாவது நிகழ்ச்சி: நண்பர் உரை

"சார், நாலு மணிக்குள்ள உங்க நண்பர் பேர் வேணும்" என்றார் மக்கள் தொடர்பு அலுவலர்.

துணைவேந்தர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "எந்த நண்பர்?"

"எந்த நண்பரா இருந்தாலும் பரவாயில்ல சார். ஒருத்தர் போதும்."

அடுத்த வெள்ளிக்கிழமை துணைவேந்தருக்குப் பணி நிறைவு விழா. அழைப்பிதழ் இன்றைக்கே அச்சகத்துக்குப் போயாகவேண்டும். நிகழ்ச்சி நிரலில் பன்னிரண்டு உருப்படிகள். பதினொன்றுக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஏழாவது மட்டும் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. 'நண்பர் உரை, ஐந்து நிமிடம்' என்று போட்டு, எதிரே வெறும் புள்ளிகள்.

இது இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் செய்துவிட்டுப் போன வேலை. மனிதர் சிநேகிதர்கள் புடைசூழ வாழ்ந்தவர் போலிருக்கிறது. ஒவ்வொரு துணைவேந்தரும் விடைபெறும்போது அவருடைய நண்பர் ஒருவர் மேடையேறிப் பேசவேண்டும் என்று விதிப்புத்தகத்திலேயே எழுதிவைத்துவிட்டார். சும்மாவும் எழுதவில்லை. அந்த நண்பர் உறவினராக இருக்கக்கூடாது. பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்குகிறவராகவும் இருக்கக்கூடாது. இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தார்.

"அந்த ஏழாவதை எடுத்துட்டா என்ன?" என்றார் துணைவேந்தர், சாதாரணமாகக் கேட்பதுபோல.

மக்கள் தொடர்பு அலுவலர் நெளிந்தார். "எடுக்கலாம் சார். ஆனா அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, போன துணைவேந்தரும் இதையேதான் கேட்டாரு. அப்ப இருந்த பதிவாளர் 'விதியில் இடமில்லை. தனிமனித வசதிக்காக மரபை மாற்ற இயலாது'ன்னு கோப்புல எழுதி, கீழ ரெண்டு கோடும் போட்டுட்டாரு."

"யாருய்யா அந்தப் பதிவாளர்?"

அலுவலர் மின்விசிறியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். "நீங்கதான் சார்."

அவர் போனபிறகு துணைவேந்தர் பேனாவை மூடிவைத்தார். அந்த விழா அவருக்கு நன்றாக நினைவிருந்தது. போன துணைவேந்தர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. எதிரே வந்தால் நாய்கூட ஒதுங்கிப் போகும் முகம். அப்பேர்ப்பட்டவருக்கு நெஞ்சுவரை தாடி வைத்த ஒரு கப்பல் பொறியாளர் எங்கிருந்தோ வந்து, மைக்கைப் பிடித்து, ஐந்து நிமிடமும் அழுது தீர்த்துவிட்டார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த நம்மவருக்கு வயிறு எரிந்தது. இந்த மூஞ்சிக்கு இப்படியொரு சிநேகிதனா என்று அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

தனக்கு யார் இருக்கிறார்கள் என்று இப்போது யோசித்தார்.

சிநேகிதர்களே இல்லாமல் இருந்தவர் இல்லை அவர். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் விரிவுரையாளராகச் சேர்ந்தபோது, மாடிப்படிக்குக் கீழே இருந்த ஆய்வுக்கூட அறையில் ஏழு சாப்பாட்டு டப்பாக்கள் ஒன்றாகத் திறக்கும். யார் டப்பாவை யார் தின்றார்கள் என்று கடைசிவரை தெரியாது. துறைத்தலைவர் ஆனார்; அவர் உள்ளே வந்ததும் மூன்று பேர் எழுந்து நின்றார்கள். எழுந்து நின்றுகொண்டு எப்படிச் சாப்பிடுவது? மறுவாரம் அந்த மூன்று பேர் வேறு அறை பார்த்துக்கொண்டார்கள். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஆனார். வினாத்தாள் ரகசியம், மூன்று மாதம் யாரும் என்னோடு பேசாதீர்கள் என்று அவரே சொன்னார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். மூன்று மாதம் முடிந்ததைத்தான் யாருக்கும் சொல்ல மறந்துவிட்டார். பிறகு பதிவாளர். பிறகு துணைவேந்தர். துணைவேந்தருக்குத் தனி லிஃப்ட். 'எட்டுப் பேர்' என்று அதன் உள்ளே தகடு அடித்திருக்கிறது. ஐந்து வருஷமாக அவர் ஒருவரே ஏறி இறங்குகிறார்.

மனைவிக்குப் போன் போட்டார். அம்மையார் மகளின் பிரசவத்துக்காகப் போய் நான்கு மாதமாகிறது. விழாவுக்கும் வர முடியாது. அதே வாரத்தில்தான் டாக்டர் நாள் குறித்திருந்தார்.

"இந்தா, எனக்கு நண்பர்னு யாராவது இருக்காங்களா?"

"ஏங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. சும்மா சொல்லு."

"என்னைக் கேட்டா? உங்களைப் பத்தின தகவலெல்லாம் ஆபீஸ்லதானே இருக்கும், அங்க கேளுங்க" என்றாள். பிறகு மனசு கேட்காமல், "கல்யாணத்துல ஒருத்தர் குடை பிடிச்சுட்டு உங்க பின்னாடியே ஓடி வந்தாரே. சட்டைப் பையெல்லாம் மை. அவர் என்ன ஆனாரு?"

துணைவேந்தர் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"சரி, மாத்திரை போட்டீங்களா?" என்றாள். மகள் கூப்பிட்டாள் போலிருக்கிறது, போன் வைக்கப்பட்டது.

குடை பிடித்த அந்தச் சிநேகிதருக்கு மைக்கறை என்று பட்டப்பெயர். தாவரவியல் ஆசிரியர், எந்தப் பேனாவை வைத்தாலும் அவர் பையில் ஒழுகும். ஏழு டப்பாவில் ஐந்து போன பிறகும் நம்மவரோடு கடைசிவரை மிஞ்சியது அவருடைய டப்பாதான். நம்மவர் பதிவாளரான புதிதில், பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமாக வருகிற அத்தனை பேருக்கும் மெமோ என்று ஓர் உத்தரவு போட்டார். ஒரே நாளில் நாற்பத்துமூன்று மெமோ. பெயரைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். அதில் ஒன்று மைக்கறைக்குப் போய்விட்டது. பதினொரு நிமிடத் தாமதம். 'மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு' என்று தொடங்கி, துறைத்தலைவர் வழியாக முறைப்படி பதில் வந்தது. அன்றைக்கு நின்ற பேச்சு. ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. மைக்கறை ஓய்வுபெற்றே மூன்று வருஷம்.

துணைவேந்தர் போனை எடுத்தார். எண்ணில் பாதியை அழுத்தினார். வைத்துவிட்டார். என்ன முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

சரியாக நாலு மணிக்கு மக்கள் தொடர்பு அலுவலர் பேனாவும் கையுமாக வந்து நின்றார்.

"பேர் சார்?"

துணைவேந்தரின் கண் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் விழுந்தது. அங்கிருந்து பாதிப் பெயரை எடுத்தார். மேசைமேல் இருந்த பூட்டின்மேல் பொறித்திருந்ததிலிருந்து மீதிப் பாதியை எடுத்தார். இரண்டையும் ஒட்டவைத்துச் சொன்னார். அந்தப் பெயரை இங்கே சொல்லிப் பயனில்லை. அப்படி ஓர் ஆள் உலகத்திலேயே கிடையாது.

"என்ன தொழில் சார்?"

ஜன்னலுக்கு வெளியே தோட்டக்காரர் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். "விதை வியாபாரம்."

"ஆகா! எப்படிப் பழக்கம் சார்?"

"பள்ளிக்கூடத்துல பக்கத்துப் பக்கத்து இடம். வாடா போடான்னுதான் பேசிக்குவோம்." சொல்லும்போதே துணைவேந்தருக்குக் கொஞ்சம் இனிக்க ஆரம்பித்துவிட்டது. "மழை வந்தா ஒரே கோணிப்பையைத் தலையில போட்டுக்கிட்டு ஓடுவோம்."

விலாசம் என்று வாய்க்கு வந்த தொலைதூர ஊர் ஒன்றைச் சொன்னார். அலுவலர் பக்திசிரத்தையோடு எழுதிக்கொண்டு போனார்.

கதவு முழுசாகச் சாத்திக்கொள்ளாது. அதன் இடுக்கில் ஒரு மடித்த அட்டையைச் செருகி வைத்திருப்பார்கள். வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அட்டெண்டர் அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷமாக அதே ஸ்டூல். உள்ளே இருக்கிறவர்தான் மாறிக்கொண்டே இருப்பார்.

"ஐயா, டீ ஆறிப்போச்சு. வேற கொண்டாரவா?"

"வேண்டாம்மா."

அம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு, குப்பைக்கூடையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ஐந்தரைக்குத் துணைவேந்தர் வழக்கம்போல ஜன்னலருகே நின்றார். கேட்டுக்கு வெளியே மரத்தடியில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அட்டெண்டர் அம்மாவின் வீட்டுக்காரர் காத்திருந்தார். தினமும் காத்திருப்பார். மூன்றாவது மாடியிலிருந்து பார்க்கிறவருக்கு அவருடைய வழுக்கைத் தலை ஒன்றுதான் தெரியும். அம்மா போய்ச் சேர்ந்ததும் இருவரும் பேசிக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார்கள். அப்படி என்னதான் பேசுவார்களோ, தெருமுனை திரும்பும்வரை பேச்சு ஓயாது. துணைவேந்தர் அவர்கள் மறையும்வரை பார்த்துவிட்டு, விளக்கை அணைத்தார்.

திங்கட்கிழமை மக்கள் தொடர்பு அலுவலர் துள்ளிக்கொண்டு வந்தார்.

"சார், அழைப்பிதழ் எல்லாருக்கும் போயாச்சு. உங்க நண்பருக்கு ஒப்புகை அட்டையோட பதிவுத்தபால் அனுப்பியிருக்கோம். இன்னொரு சந்தோஷமான விஷயம். வேளாண் துறைக்காரங்க விஷயம் கேள்விப்பட்டு அவரை விடவே மாட்டேங்கிறாங்க. புது விதைக் கிடங்கை அவர் கையாலதான் திறக்கணுமாம்!"

துணைவேந்தர் அவசரமாகக் கையை அசைத்தார். "அவருக்கு உடம்பு சரியில்லையாம். இப்பத்தான் போன் வந்தது."

"அடடா! என்ன உடம்புக்கு?"

"மூட்டுவலி. நடக்கவே முடியலையாம்."

இதோடு தீர்ந்தது என்று அவர் நினைத்தார். அலுவலர் அப்படி நினைக்கவில்லை. மறுநாள் காலையில் வந்து, "கவலையே படாதீங்க சார். நம்ம மருத்துவமனை வேனை அனுப்பறோம். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், சக்கர நாற்காலி எல்லாம் ரெடி. வண்டி நாளைக்குக் காலைல ஆறு மணிக்குக் கிளம்புது" என்றார்.

"வேண்டாம், வேண்டாம்! குணமாயிடுச்சு!"

"ஒரே நாள்லயா சார்?"

"குணமாகி... வெளிநாடு போயிட்டாரு. அவசர வேலை. அதனால வெள்ளிக்கிழமை வர்றது சந்தேகம்தான். பேரை எடுத்துடுங்க."

அலுவலர் முகம் தொங்கிப்போகும் என்று எதிர்பார்த்தார். அது விளக்குப் போட்டதுபோல் பிரகாசித்தது.

புதன்கிழமை காலையில் கார் வாசலுக்குள் நுழையும்போது துணைவேந்தர் பார்த்தார். நுழைவாயிலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துணிப் பதாகை. 'நம் துணைவேந்தரின் பால்ய நண்பர், பன்னாட்டு விதை வணிகர் அவர்களே, வருக!' கீழே படம் கிடைக்காததால் ஒரு பெரிய நெற்கதிரைப் போட்டிருந்தார்கள்.

"வேலை இருக்குன்னா வெளிநாட்டிலேர்ந்து நேரா மேடைக்கு வந்துடட்டும் சார்" என்றார் அலுவலர். "விமான நிலையத்துக்கு ரெண்டு கார் போட்டிருக்கேன்."

வாயைக் கொடுத்து இப்படி மாட்டிக்கொண்டோமே என்று துணைவேந்தர் நாற்காலியில் விழுந்தார். மேசையில் இருந்த பென்சிலை எடுத்துச் சீவினார். அடுத்ததையும் சீவினார். வெள்ளிக்கிழமை இரண்டாயிரம் பேர் நடுவில், ஏழாவது நிகழ்ச்சி என்று அறிவிப்பார்கள். யாரும் எழுந்து வரமாட்டார்கள். முப்பத்தாறு வருஷம் ஓடி ஓடி ஏறி, கடைசியில் ஒரு மனிதன்கூட இல்லாதவன் என்று ஊரறிய நிற்கவேண்டும். நாற்பது வயதில் இப்படி ஒன்று வந்திருந்தால் சிரித்துத் தாண்டியிருக்கலாம். இந்த வயதில் அவமானம் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

மைக்கறை! அவர் இப்போது ஊழியர் இல்லை, உறவினரும் இல்லை. விதி இடம் கொடுக்கிறது. அவமானமா, வறட்டுக் கௌரவமா என்று ஒரு மணி நேரம் தன்னோடு தானே மல்லுக்கட்டிவிட்டு, மதியம் டிரைவரைக்கூடக் கூப்பிடாமல் ஓர் ஆட்டோ பிடித்துப் போனார்.

மைக்கறைதான் கதவைத் திறந்தார். சட்டைப் பையில் நீலக் கறை அப்படியே இருந்தது. துணைவேந்தரைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை அவசரமாக எடுத்துவிட்டு, விறைப்பாக நின்றார்.

"வாங்க சார். உட்காருங்க சார்."

"நீயும் உட்காரேன்... நீங்களும் உட்காருங்களேன்" என்றார் துணைவேந்தர்.

இருவரும் உட்கார்ந்தார்கள். கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. தொட்டியில் இருந்த செடியைத் துணைவேந்தர் பாராட்டினார். அதன் முழுத் தாவரவியல் பெயரை மைக்கறை சொன்னார். மறுபடியும் கடிகாரம் ஓடியது.

"வெள்ளிக்கிழமை விழா..." என்று துணைவேந்தர் தொண்டையைக் கனைத்தார்.

"அழைப்பிதழ் வந்துச்சு சார். கண்டிப்பா வரேன்." மைக்கறை அலமாரியிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தார். "நிஜத்தைச் சொல்லணும்னா, பணி நிறைவுன்னு கேள்விப்பட்ட நாள்லேர்ந்து போன் மணி அடிச்சா நான்தான் போய் எடுப்பேன். ஏழாவது நிகழ்ச்சிக்கு என்னைக் கூப்பிடுவீங்கன்னு ஒரு நப்பாசை. ரெண்டு பக்கம் எழுதிக்கூட வெச்சேன்."

துணைவேந்தர் அழைப்பிதழின் ஓரத்தை விரலால் நீவினார்.

"அப்புறம் இதைப் பார்த்தேன். பள்ளிக்கூடச் சிநேகிதர் இருக்காருன்னு போட்டிருந்துச்சு. நிம்மதியா இருந்துச்சு சார். நீங்க தனியா இருக்கீங்களோன்னு நான்தான் தப்பா நெனச்சிட்டேன். எழுதினதைக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

இப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். விதைக்காரன் என்று ஒருவனும் இல்லை, எனக்கு இருந்தது நீ ஒருவன்தான், அதையும் பெயர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். துணைவேந்தர் எழுந்தார். "செடி நல்லாயிருக்கு" என்று மறுபடியும் சொன்னார். மைக்கறை தெருவரை வந்து, கைகட்டி நின்று வழியனுப்பினார்.

ஆட்டோ திரும்பும்வரை துணைவேந்தர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அரங்கம் நிறைந்து, பின்சுவர் ஓரமெல்லாம் மாணவர்கள் நின்றார்கள். நான்காவது வரிசை ஓரத்தில் மைக்கறை உட்கார்ந்திருப்பதை மேடையிலிருந்தே துணைவேந்தர் பார்த்துவிட்டார். ஆறாவது நிகழ்ச்சி நடக்கும்போதே அவர் சாக்கு ஒன்றைத் தேட ஆரம்பித்தார். விமானம் தாமதம் என்று சொல்லிவிடலாம். விமானம் எப்போது தாமதமாகாமல் இருந்திருக்கிறது? மக்கள் தொடர்பு அலுவலரைச் சைகை காட்டி அழைத்தார்.

அலுவலர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "சார்! வந்துட்டாரு சார்!"

"யாரு?"

"உங்க நண்பர்! ரெண்டு காரையும் ஏமாத்திட்டு அவரே வந்து வாசல்ல நிக்கறாரு!"

துணைவேந்தர் திருதிருவென்று விழித்தார். எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தார். பூங்கொத்துகள் வழியை அடைத்திருந்தன. அதற்குள் படியேறி ஒருவர் வந்தார். சலவைச் சட்டை, கையில் ஒரு சின்னத் துணிப்பை. வந்த வேகத்தில் துணைவேந்தரைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"என்னடா, எப்படிடா இருக்க? பாதியாப் போயிட்டியேடா!"

அரங்கம் ஆரவாரித்தது. துணைவேந்தரை யாரும் டா போட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. இந்த ஆள் யார், எந்த ஊர், எதற்கு வந்திருக்கிறார் என்று ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தத் தோளை விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை.

விதைக்காரர் மைக்கின் உயரத்தைச் சரிசெய்யக் குனிந்தார். இந்தத் தலையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று துணைவேந்தருக்குப் பட்டது. எங்கே என்று பிடிபடவில்லை.

"எனக்கு மேடையில பேசத் தெரியாது" என்று விதைக்காரர் ஆரம்பித்தார். "இவனைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். மத்தியானம் சாப்பிடும்போது இவன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்குவான். ஏன் தெரியுமா? கீழ பசங்க கூட்டமா உக்காந்து சாப்பிடறது தெரியும். அதைப் பாத்துக்கிட்டே சாப்பிடுவான். பசங்க சிரிச்சா இவனும் சிரிப்பான்."

அரங்கத்தில் சத்தம் குறைந்தது.

"இவன் அறைக் குப்பைக்கூடையில பென்சில் சீவல் நெறைய கிடந்தா, அன்னைக்கு யாரையோ கடிஞ்சு பேசிட்டான்னு அர்த்தம். பேசிட்டு, வருத்தப்பட்டுக்கிட்டு, பென்சிலைச் சீவிக்கிட்டு உக்காந்திருப்பான். போய் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது. சாயங்காலம் விளக்கை அணைக்கும்போது, 'சரி, வரட்டுமா?'ன்னு கேட்டுட்டுத்தான் போவான். யாரைக் கேக்கறான்? அறைக்குள்ள ஒருத்தரும் இருக்க மாட்டாங்க."

துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

"இன்னொண்ணு சொல்லிட்டு முடிச்சிடறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு சிநேகிதருக்குத் தெரியாத்தனமா ஒரு மெமோ கொடுத்துட்டான். அதுக்கு அவர் எழுதின பதில் கடுதாசி இவன் மேசையில மேல் இழுப்பறையிலதான் இருக்கு. எந்த அறைக்கு மாறினாலும் அதையும் எடுத்துட்டுப் போவான். மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துப் படிப்பான், மடிச்சு வெச்சிடுவான். அவர் இங்க வந்திருந்தாருன்னா, ஐயா, இவனை மன்னிச்சுடுங்க. கெட்டவன் இல்ல. கூப்பிடத் தெரியாதவன்."

கைதட்டல் எழுந்தபோது துணைவேந்தருக்கு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. முன்வரிசையில் இப்போதைய பதிவாளர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். வயிறு எரிந்து அழுதாரா, நிஜமாகவே அழுதாரா என்று சொல்வதற்கில்லை. அடுத்த துணைவேந்தர் அவர்தான் என்று பேச்சு. விதைக்காரர் துணிப்பையைத் துணைவேந்தர் மடியில் வைத்துவிட்டு, "பூச்செடி விதைடா, வீட்டு வாசல்ல போடு" என்று சொல்லி இறங்கிப் போனார்.

விழா முடிந்து கூட்டம் கலையும்போது யாரோ அவர் கையைப் பிடித்தார்கள். மைக்கறை.

"அந்தக் கடுதாசியை வெச்சிருக்கியாடா?"

துணைவேந்தர் தலையை மட்டும் ஆட்டினார்.

"பதினொரு நிமிஷம்டா. அன்னைக்கு எனக்கு சைக்கிள் பஞ்சர்" என்றார் மைக்கறை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வா. அந்த விதைக்காரரையும் கூட்டிட்டு வா. அவர் இல்லாம வந்தியோ, கதவைத் திறக்க மாட்டேன். அப்படிப்பட்ட மனுஷனை நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும்."

துணைவேந்தருக்குக் கிடைத்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு விதைக்காரருக்கு எங்கே போவது? மக்கள் தொடர்பு அலுவலரைப் பிடித்துக் கேட்டார். விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடலாம் என்று தேடினால் ஆள் மாயமாகிவிட்டார் என்று அவர் கையைப் பிசைந்தார்.

லிஃப்டில் ஏறி, கடைசித் தடவையாகத் தன் அறைக்குப் போனார். வாசலில் அட்டெண்டர் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து, தன் பைக்குள்ளிருந்து ஒரு கனமான உறையை எடுத்து நீட்டினார்.

"ஐயா, இது உங்ககிட்ட சேரவேண்டியது. நேத்தே திரும்பி வந்துடுச்சு. நான்தான் யார் கண்ணுலயும் படாம எடுத்து வெச்சேன்."

பல்கலைக்கழகத்தின் பதிவுத்தபால். விதைக்காரருக்குப் போனது. 'அப்படி ஒருவர் இல்லை' என்று குறுக்கே சிவப்பு மையில் எழுதித் திருப்பியிருந்தார்கள்.

துணைவேந்தருக்குக் காது சூடாகிவிட்டது. உள்ளே மேசையில் இருந்த பூட்டையும் சுவரில் தொங்கிய நாட்காட்டியையும் அவர் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

"அப்போ உங்களுக்கு... முதல்லேர்ந்தே தெரியுமா?"

"இதுல என்னங்கய்யா இருக்கு?" என்றார் அம்மா, ஒரு கோப்பையை எடுப்பதுபோல உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டு. "நான் வந்ததுலேர்ந்து அஞ்சு ஐயா பாத்துட்டேன். அஞ்சு பேருக்கும் இந்தத் தபால் திரும்பித்தான் வந்துச்சு."

"அஞ்சு பேருக்குமா? அதெப்படி? போன துணைவேந்தருக்குக் கப்பல் பொறியாளர் வந்தாரே! மேடையில நின்னு அப்படி அழுதாரே! நான் என் கண்ணால பாத்தேனே!"

கேட்டுக்கு வெளியே மரத்தடியில் சைக்கிள் மணி இரண்டு தடவை அடித்தது. அம்மா ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, இதோ வந்துவிட்டேன் என்று காட்டிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அது தாடி ஒட்டிக்கிட்டு வந்த எங்க அண்ணன்ங்கய்யா, அதுக்கு முந்தின ஐயாவுக்கு எங்க மச்சினன், உங்களுக்குன்னதும் யாரோ ஒருத்தரை அனுப்ப மனசு வரல, அதான் தினம் உங்களைப் பத்தி கேட்டுக்கிட்டே வர்ற எங்க வீட்டுக்காரரையே அனுப்பினேன்."